மெல்லிய குரலில் ஒரு முறை

அந்த மருத்துவமனைக்கு அமைதிக்கான விருது ஆண்டு தவறாமல் கிடைத்துவந்தது. வாசலில் நுழைந்ததுமே கண்ணாடி அலமாரியில் கேடயங்கள் வரிசையாக நிற்கும். தும்மல் வருகிறவர்கள் வெளியே போய்த் தும்மிவிட்டு வரலாம் என்று அன்போடு அறிவிக்கும் ஒரு பலகை. காலடிச் சத்தம் எழாமலிருக்கத் தாழ்வாரம் முழுக்கக் கம்பளம். பிறந்த குழந்தைகளை மட்டும் எப்படிச் சரிக்கட்டுவது என்று நிர்வாகத்துக்குப் பிடிபடவில்லை. விருதுக் குழு பார்வையிட வரும் நாளில் பிரசவப் பிரிவின் கதவுக்கு மெத்தைகளை முட்டுக்கொடுத்து நிறுத்துவார்கள் என்று கேள்வி.

இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் பஸ் கண்டக்டர் தன் மனைவியின் காதைக் காப்பாற்றப் போனார்.

அவருடைய குரலைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. என்ஜின் இரைச்சலைத் தாண்டிப் போய், கடைசி இருக்கையில் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறவரை அவருடைய நிறுத்தத்தில் எழுப்பிவிட வேண்டிய குரல் அது. வீட்டுக்கு வந்தாலும் இறங்காது. அவர் மனைவியிடம் உப்புக் கேட்டால் தெருமுனைக் கடைக்காரர் பொட்டலம் கட்டிவிடுவார் என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். மனைவி அப்படியே நேர்மாறு. அவள் பேசினால் பக்கத்தில் இருப்பவரே காதைச் சாய்க்க வேண்டும். ஆனால் அவள் அதிகம் பேசுவதில்லை. அவளுடைய திறமை கேட்பதில் இருந்தது.

சாயங்காலம் பையைக் கழற்றி ஆணியில் மாட்டியதும் அவர் அன்றைய பஸ்ஸை வீட்டுக்குள் ஓட்டிக்கொண்டு வருவார். முட்டைக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு யாரையும் பக்கத்தில் உட்கார விடாத அம்மா, சில்லறை இல்லை என்று சத்தியம் செய்யும்போதே பையில் சில்லறை குலுங்கிய பெரியவர், ஏறியது முதல் இறங்கும்வரை போனில் ஒரே ஆளிடம் "நான் பேசவே மாட்டேன்" என்று பேசிக்கொண்டே வந்த பெண், எல்லோரும் வந்து அவரவர் குரலில் பேசுவார்கள். அவள் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே கேட்பாள். சிரிப்பு வந்தால் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பாள். ரொம்ப அளந்தால், "பெரியவர் கடைசியில அழுதாருங்கிறது நீங்க சேத்தது" என்பாள். அவரும் ஒப்புக்கொண்டு பெரியவரின் கண்ணீரை வாபஸ் வாங்கிக்கொள்வார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதற்காக வருத்தப்பட்டு முடித்து வெகுகாலம் ஆகியிருந்தது. வீட்டில் ஒரு பஸ் நிறைய ஆட்கள் இருந்தார்கள்.

அப்புறம் அவளுக்குக் காசநோய் வந்தது. அதிலும் சாதாரண மாத்திரைக்கு அடங்காத வகை. தினமும் ஊசி என்றார்கள். மற்றவருக்குத் தொற்றாத நிலைக்கு வரும்வரை அவள் தனி அறையில் இருக்க வேண்டும், கதவு சாத்தியிருக்க வேண்டும், ஜன்னல் திறந்திருக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். கண்டக்டர் கூடத்தில், அந்தச் சாத்திய கதவுக்கு முன்னால் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டார். தட்டு உள்ளே போகும், தட்டு வெளியே வரும். அவர் போக முடியாது. அவருடைய குரல் மட்டும் போகலாம். அதற்குக் கதவு ஒரு பொருட்டே இல்லை. ஆக, பஸ் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து இருமலும் சிரிப்பும் கலந்து வந்தன.

ஊசி தொடங்கிச் சில வாரங்கள் போயிருக்கும். ஒருநாள் கதை நடுவில் அவள், பிரிட்ஜ் ஏன் இப்படிக் கத்துகிறது, அணைத்துவிடுங்கள் என்றாள். அணைத்தார். பால் கெட்டது. சத்தம் நிற்கவில்லை என்றாள். மின்விசிறியை நிறுத்தினார். கடிகாரத்திலிருந்து பாட்டரியை உருவினார். பக்கத்து வீட்டுக்குப் போய், தண்ணீர் மோட்டாரைக் கொஞ்ச நேரம் நிறுத்த முடியுமா என்று கெஞ்சினார். அந்த வீட்டில் மோட்டாரே இல்லை. திரும்பி வந்து கதவுக்கு முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். வீடு அவ்வளவு நிசப்தமாக ஒருநாளும் இருந்ததில்லை.

"இன்னும் கேக்குதுங்க," என்றாள் அவள் உள்ளேயிருந்து. "யாரோ விசிலை ஊதிட்டு நிறுத்த மறந்துட்ட மாதிரி."

நெஞ்சுத் துறை டாக்டர் நல்ல மனிதர். ஒளிக்காமல் சொல்லிவிட்டார். உள்காதில், நத்தை ஓடு மாதிரிச் சுருண்ட ஓர் இடத்தில், கண்ணுக்குத் தெரியாத முடி முளைத்த செல்கள் இருக்கின்றன. ஒலியைப் பிடித்து மூளைக்குக் கொடுப்பவை அவைதான். இந்த ஊசி சிலருக்கு அவற்றைத் தின்றுவிடும். முதலில் கீச்சுக் குரல்கள் போகும், அப்புறம் மற்றவை. நடக்கும்போது தள்ளாட்டமும் வரலாம். போனது திரும்பி முளைக்காது. ஆனால் உடனே கண்டுபிடித்து ஊசியை நிறுத்தினால் மிச்சத்தைக் காப்பாற்றிவிடலாம். ஊசிக்குப் பதிலாகக் கொடுக்க மாத்திரை இருக்கிறது, இதே கட்டிடத்தில் கீழ்த்தளத்திலேயே இருக்கிறது.

கண்டக்டருக்கு உயிர் வந்தது. அப்படியானால் இன்றைக்கே மாற்றிவிடலாமே என்றார்.

"தாராளமா மாத்தலாம்," என்றார் டாக்டர். "காதுத் துறை பரிசோதிச்சு, பாதிப்புன்னு ஒரு வார்த்தை எழுதணும். நெஞ்சு என் துறை. காது அவங்க துறை. நானா காதைப் பத்தி எழுதினா அவங்க வீட்டு வாசல்ல நான் கோலம் போட்ட மாதிரி ஆயிடும்."

காதுத் துறை மேல்தளத்தில் இருந்தது. கண்டக்டர் தாழ்வாரத்தில் நின்றபடி, காதுத் துறை எந்தப் பக்கம் என்று ஒரு ஆளைக் கேட்டார். அவ்வளவுதான். ஏழெட்டு அறைகளின் கதவுகள் திறந்தன. ஒரு நர்ஸின் கையிலிருந்து தட்டு நழுவியது. இரண்டு காவலாளிகள் கம்பளத்தின் மேல் ஓசையில்லாமல் ஓடி வந்து, ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டு, நோயாளியுடன் வருகிறவர்களுக்குக் காத்திருப்புக் கூடத்தில் அனுமதி இல்லை என்றும், அவரைப் போன்றவர்களுக்குக் கட்டிடத்திலேயே அனுமதி இல்லை என்றும் அவருடைய காதில் கிசுகிசுத்துக்கொண்டே வெளியே கொண்டுபோய் விட்டார்கள். நோயாளிகள்தாம் பேச மாட்டார்கள், கூட வருகிறவர்கள்தாம் பேசித் தொலைக்கிறார்கள் என்பது நிர்வாகத்தின் அனுபவம்.

அவள் மட்டும் மாஸ்க்கை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தாள். சாயங்காலம் திரும்பி வந்து, கூப்பிடவே இல்லை என்றாள். அடுத்த முறையும் அதுவே. அதற்கடுத்த முறை கண்டக்டர் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, கட்டிடத்தின் பின்பக்கம் போய், குப்பைத் தொட்டி மேல் ஏறி நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தார்.

கூடத்தின் சுவரில் ஒரு பலகை இருந்தது. "பெயர் மெல்லிய குரலில் ஒரு முறை மட்டும் அழைக்கப்படும். வராதவர் வராதவரே." பக்கத்தில் ஒரு பெரிய டிவி. அதில் காதுத் துறைத் தலைவர் கேடயம் வாங்கும் காட்சி ஓடிக்கொண்டே இருந்தது. கதவைத் திறந்துகொண்டு ஓர் ஊழியர் வந்தார். அடக்கமான மனிதர். நோயாளிகள் அவருக்கு மெல்லிசை என்று பெயர் வைத்திருந்தார்கள். அவருடைய முகத்தில் இருந்த மாஸ்க் லேசாக அசைந்தது. அதைத்தான் அழைப்பு என்று புரிந்துகொள்ள வேண்டும். யாரும் எழவில்லை. கண்டக்டரின் மனைவி முன்வரிசையில், கைகளை மடியில் கோத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் முதல் நாள் உட்கார்ந்திருக்கும் பிள்ளை மாதிரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்லிசை அவளைப் பார்த்துப் பரிவோடு புன்னகை செய்துவிட்டு, வரவில்லை என்று எழுதிக்கொண்டார்.

கண்டக்டர் ஜன்னலைத் தட்டினார். காவலாளிகள் வந்தார்கள்.

மெல்லிசை வேலை முடிந்து வெளியே வரும்போது கண்டக்டர் அவரை மடக்கினார். கோபப்படக் கூடாது என்று முடிவு செய்துகொண்டிருந்தார். ஒரு சிலேட்டில் பெயரை எழுதிக் காட்டினால் என்ன என்று தன்மையாகத்தான் கேட்டார்.

மெல்லிசை பதறிப்போனார். "எழுதிக் காட்டினா காது கேக்காதவங்ககூட எழுந்து வந்துடுவாங்களே சார்."

"அவங்கதானே வரணும்?"

"அவங்களுக்குத் தனி வாசலே இருக்கு. காது கேளாதவர்னு சான்று வச்சிருந்தா நேரா உள்ள போயிடலாம், காத்திருக்கவே வேண்டாம்."

"அந்தச் சான்றை யாரு தருவாங்க?"

"நாங்கதான்," என்றார் மெல்லிசை. "கூப்பிடும்போது வந்தாங்கன்னா."

மூன்று முறை வராதவர்களுக்கு ஒத்துழையாதவர் என்று பெயர். ஒத்துழையாதவர்களைத் திருத்த அங்கே ஒரு வகுப்பு நடந்தது. சத்தம் வெளியே வரக் கூடாது என்பதால் எல்லோருக்கும் ஹெட்போன் மாட்டி, ஒலிப்பதிவில் அறிவுரை போடுவார்கள். அழைப்புக்குச் செவிசாய்ப்பதன் அவசியம் பற்றிய உரை. கண்டக்டரின் மனைவி ஹெட்போனுக்குள் தன் காதின் விசிலைக் கேட்டபடி, எதிரே இருந்த பயிற்சியாளரின் முகத்தைப் பார்த்துப் பார்த்துத் தலையாட்டினாள். இவ்வளவு கவனமாகக் கேட்டவர் இந்த வகுப்பில் யாரும் இல்லை என்று அவளைப் பாராட்டி, மறுபடி வரிசையில் உட்கார அனுமதித்தார்கள்.

இதற்கிடையே தினமும் ஊசி போய்க்கொண்டிருந்தது.

வீட்டில் கதவுக்கு அந்தப் பக்கம் சிரிப்பு குறைந்துகொண்டு வந்தது. ஒருநாள் அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"அந்த முட்டைக்கார அம்மா பேசினா வார்த்தை வார்த்தையா வழுக்கிட்டுப் போகுதுங்க. கொஞ்ச நாளைக்கு ஆம்பளைங்களை மட்டும் பேச விடுங்களேன்."

அன்றிலிருந்து அவருடைய பஸ்ஸில் பெண்கள் ஏறுவது நின்றுபோனது. முட்டைக்கூடையை ஒரு முட்டைக்காரர் தூக்கிக்கொண்டு வந்தார். போனில் பேசாமல் பேசிய பெண்ணுக்கு மீசை முளைத்தது. கைக்குழந்தைகூடக் கட்டைக் குரலில் அழுதது. அவள் சிரித்தாள். அது பழைய சிரிப்புக்குப் பக்கத்தில் வந்துபோனது. சில வாரங்களில் ஆண்களும் ஒவ்வொருவராக இறங்கிவிட்டார்கள். அவர் கதவில் வாயை வைத்துக் கத்தினார். தெருவே கதை கேட்டது. உள்ளேயிருந்து, "என்னங்க, வந்துட்டீங்களா? ஏன் இன்னிக்கு ஒண்ணுமே சொல்லலை?" என்று கேள்வி வந்தது.

எழுதிக் கொடுத்துப் பார்த்தார். டிக்கெட்டில் கிறுக்கிப் பழகிய கையெழுத்தில் இரண்டு பக்கம் எழுதிக் கதவிடுக்கில் நுழைத்தார். அவள் படித்துவிட்டு, நல்லாத்தான் இருக்கு என்றாள். அப்புறம் சொன்னாள்: "அதுல உங்களைக் காணோமே."

அவர் நாற்காலியை மடித்து வைத்துவிட்டு, மருத்துவமனைக்குள் எப்படியாவது நுழைவது என்று கிளம்பினார்.

அந்த வாரம் அங்கே செவி விழா. அதற்கு மட்டும் பொதுமக்களுக்கு அனுமதி உண்டு. கைதட்டக் கூடாது, மகிழ்ச்சி ஏற்பட்டால் கைக்குட்டையை அசைக்கலாம் என்று ஆளுக்கு ஒரு கைக்குட்டை கொடுத்திருந்தார்கள். காதுத் துறைத் தலைவர் பேச எழுந்தார். மைக் இல்லை. முன்வரிசையில் இருந்த அதிகாரிகளுக்குக் கேட்டால் போதும் என்று ஏற்பாடு. கண்டக்டர் தூணோரமாக நகர்ந்து நகர்ந்து பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

"இந்த ஆண்டு எங்கள் அறைக்குள் வந்த ஒவ்வொருவருக்கும் எங்கள் அழைப்பு தெளிவாகக் கேட்டிருக்கிறது என்பதைப் பெருமையோடு தெரிவிக்கிறேன்," என்றார் தலைவர். "மருந்துகள் உள்காதைக் கெடுக்கும் என்று புத்தகங்கள் சொல்கின்றன. நாங்கள் புத்தகங்களை மதிக்கிறோம். ஆனால் எங்கள் துறை தொடங்கிய நாள் முதல் அப்படி ஒருவர்கூட எங்கள் கதவைத் தாண்டி வந்ததில்லை. மற்ற மருத்துவமனைகளில் காது கெட்டவர்கள் கூட்டம் கூட்டமாக நிற்கிறார்கள். ஏன்? அங்கே உரக்கக் கூப்பிடுகிறார்கள். கூப்பிட்டால் வரத்தான் செய்வார்கள்."

கைக்குட்டைகள் அசைந்தன. மண்டபம் துணி காயப்போட்ட மொட்டைமாடி மாதிரி இருந்தது.

கண்டக்டர் பேசினார். என்ன பேசினார் என்பது அவருக்கே பிற்பாடு சரியாக நினைவில்லை. என் பெண்டாட்டிக்குக் கேட்கவில்லை, அவளைக் கூப்பிட்டீர்கள், அவளுக்குக் கேட்கவில்லை, அதனால்தான் வந்தோம், அதனாலேயே உள்ளே விட மாட்டேன் என்கிறீர்கள் என்று இப்படித்தான் ஏதோ. அவருடைய குரல் கூரையில் மோதி இறங்கியது. அலமாரியில் கேடயங்கள் அதிர்ந்தன என்று காவலாளிகள் பிறகு சொன்னார்கள்.

தலைவர் கலங்கவில்லை. மண்டபத்தைப் பார்த்துத் திரும்பி, இவர் பேசியது இங்கே யாருக்காவது கேட்காமல் போனதா என்று விசாரித்தார். இல்லை என்று எல்லோரும் தலையாட்டினார்கள்.

"பார்த்தீர்களா," என்றார் தலைவர். "நூற்றுக்கு நூறு."

மறுபடி கைக்குட்டைகள்.

வெளியே தள்ளப்பட்டு, சுற்றுச்சுவரில் சாய்ந்து நின்றபோதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. துணைக்கு வருகிறவர்களைத்தானே உள்ளே விடுவதில்லை. நோயாளியை விட்டுத்தானே ஆக வேண்டும். மறுநாள் பதிவு செய்யும் ஜன்னலுக்குப் போய், பல்லைக் கடித்துக் குரலை அடக்கிக்கொண்டு, எனக்குக் காது கேட்கவில்லை என்றார். ஜன்னலுக்குள் இருந்த பெண் கொட்டாவியோடு, எத்தனை நாளாக என்று முணுமுணுத்தாள். ஒரு மாதமாக என்று அவர் சட்டென்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அவளுக்கு அது உறைக்கவில்லை. சீட்டுக் கொடுத்தாள்.

இப்படியாகக் கண்டக்டரும் மனைவியும் பல மாதங்களுக்குப் பிறகு பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள், இருவரும் நோயாளிகளாக, இருவரும் மாஸ்க்கோடு. அவள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, இங்கே எப்படி வந்தீர்கள் என்று கேட்டாள். கூடம் திடுக்கிட்டது. தன் குரல் எவ்வளவு ஏறிவிட்டது என்று அவளுக்கே தெரியாது. வாழ்நாளெல்லாம் காதைச் சாய்த்துக் கேட்க வேண்டியிருந்த குரல் அது. அவர் விரலை உதட்டில் வைத்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் அவளை அடக்கினார்.

மெல்லிசை வந்தார். முதலில் கண்டக்டரின் பெயரைத்தான் அழைத்தார். கண்டக்டர் டிவியில் தலைவர் கேடயம் வாங்குவதைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். மெல்லிசை, வரவில்லை என்று எழுதிக்கொண்டு போனார். வெகுநேரம் கழித்து அவளுடைய பெயர் வந்தது. கண்டக்டர் அவளுடைய முழங்கையைத் தொட்டு எழுப்பி, தள்ளாடாமல் தாங்கிக்கொண்டு, கதவு வரை கூட்டிப்போய் உள்ளே விட்டுவிட்டு, தானும் நுழைந்துவிட்டார். மெல்லிசைக்குத் தடுக்கத் தெரியவில்லை. கூப்பிட்டு இரண்டு பேர் வந்த அனுபவம் அவருக்கு இல்லை.

பரிசோதிக்கிற பெண் சின்ன வயதுக்காரி. சத்தம் கேட்டால் இந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று சைகையிலேயே காட்டினாள். ஹெட்போனை மாட்டியதும் கண்டக்டரின் மனைவி அழுத்தினாள். விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தாள். அந்தப் பெண் எந்தச் சத்தமும் கொடுக்காதபோதும் அழுத்தினாள். எட்டிப் பார்த்த தலைவருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. இல்லாத ஒலியைக்கூடப் பிடிக்கிற காது, இதை விருதுக் குழுவுக்குக் காட்டலாமே என்றார். அந்தப் பெண்தான் தயங்கி, அது காதுக்குள்ளேயே ஓயாமல் ஒலிக்கும் சத்தம் சார், அதைத்தான் இந்த அம்மா அழுத்துறாங்க என்றாள். வேறு மாதிரி விட்டு விட்டு ஒலிக்கும் சத்தத்தை வைத்து மறுபடி செய்தாள். இந்த முறை பொத்தான் அசையவில்லை. ஒலியைக் கூட்டினாள். இன்னும் கூட்டினாள். ஹெட்போனைத் தாண்டிக் கண்டக்டருக்கே கேட்கிற அளவுக்குக் கூட்டினாள். அவருடைய மனைவி பொத்தானின் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, சத்தம் எப்போது வரும் என்று அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தாள்.

அந்தப் பெண் ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

தலைவர் தாளை வாங்கிப் பார்த்தார். சுத்தமாகப் போய்விட்டது, பாதிப்பேதான் என்றார். கண்டக்டர் கைகூப்பினார். அதை எழுதிக் கொடுத்துவிடுங்கள் ஐயா, ஊசியை நிறுத்திவிடுவார்கள் என்றார்.

"ஊசியை எதுக்குங்க நிறுத்தணும்?" என்றார் தலைவர். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. "காதுக்கு ஆபத்துன்னாதானே நிறுத்துவோம். இனிமே ஆபத்துக்கு என்ன இருக்கு? கெடுறதுக்கு அங்க ஒண்ணுமே இல்லையே. தாராளமாத் தொடரலாம்னு எழுதிடுறேன்."

அதையே எழுதினார். அழகான கையெழுத்து.

நெஞ்சுத் துறை டாக்டர் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மெதுவாக, அந்தத் தாள் இனித் தேவையில்லை என்றார். ஆய்வகத்திலிருந்து தாமதமாக ஒரு முடிவு வந்திருக்கிறது. அவளுடைய நெஞ்சில் இருக்கிற கிருமிக்கு அந்த ஊசி ஆரம்பத்திலிருந்தே ஒன்றும் செய்யவில்லை. ஊசியை இன்றே நிறுத்தி மாத்திரைக்கு மாற்றுவதாகச் சொன்னார்.

"இன்னைக்கு யாரும் எழுதித் தர வேண்டாமா டாக்டர்?" என்று கேட்டார் கண்டக்டர். அவருடைய குரல் டாக்டரின் மேசையைத் தாண்டவில்லை.

"வேண்டாம். முன்னாடி காரணம் காதா இருந்துச்சு, நான் தொட முடியலை. இப்ப காரணம் நெஞ்சு. அது என் துறை."

மாத்திரை வந்துசேர்ந்தபோது நெஞ்சில் அதற்குச் செய்ய அதிகம் மிச்சமில்லை. அவளை உள்நோயாளிப் பிரிவில் சேர்த்தார்கள். அவளைப் போலவே பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாகப் படுத்திருந்த கூடம். பார்வை நேரம் உண்டு, மாஸ்க் கட்டாயம், பேச்சு கூடாது. கண்டக்டர் தினமும் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். பேச்சு கூடாது என்பது அவருக்கு இப்போது கஷ்டமாக இல்லை. பையிலிருந்து ஆரஞ்சை எடுத்து உரித்து வைப்பார். அவள் அவருடைய மாஸ்க்கைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள்.

ஒருநாள் அவள் கையை நீட்டி அவருடைய மாஸ்க்கைக் கீழே இழுத்துவிட்டாள்.

"வாயையாவது காட்டுங்க," என்றாள். கூடமே திரும்பியது. "பஸ்ல என்னதான் நடக்குது?"

அவர் அக்கம்பக்கம் பார்த்தார். நர்ஸ் ஜன்னல் பக்கம் திரும்பி, இல்லாத தூசியைத் துடைக்க ஆரம்பித்தாள். அவர் தொண்டையைச் செருமினார். அப்புறம் சொல்லத் தொடங்கினார், பழைய குரலில், பழைய உயரத்தில். ஓர் ஆள் நிலைக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறிய கதை. கல்யாணப் பெண்ணுக்குச் சீராம், ஆள் உயரம். அதை நடுவில் நிறுத்தியதும் பஸ்ஸில் இருந்தவர்களெல்லாம் தலையை வார ஆரம்பித்தார்கள். ஓர் அம்மா பொட்டைச் சரிசெய்தாள். முட்டைக்கார அம்மா, எதிரே கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்து, இடிக்காம உக்காரும்மா என்று சண்டைக்குப் போனாள். கண்ணாடிக்குள் இருந்ததும் அவளேதான். தலையை எண்ணினால் இரண்டு மடங்கு வருகிறது. இத்தனைக்கும் நடுவில் செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறிவிட்டார். பெண்கள் பெண் குரலில் பேசினார்கள், குழந்தை குழந்தைக் குரலில் அழுதது. எதையும் அவர் மாற்றவில்லை.

முதலில் கடைசிக் கட்டிலில் இருந்த கிழவி சிரித்தாள். பிறகு அவளுக்குப் பக்கத்துக் கட்டில். சிரிப்பு இருமலாகி, இருமல் சிரிப்பாகி, கட்டில் கட்டிலாக வந்தது. பேச்சுத் தடையை அமலாக்க வந்த காவலாளி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். அவருக்கும் இன்ஸ்பெக்டர் என்ன செய்தார் என்று தெரிய வேண்டியிருந்தது.

அவருடைய மனைவி ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு அவருடைய வாயைப் பார்த்தாள். பிறகு மற்ற கட்டில்களைப் பார்த்தாள். அங்கே முகங்கள் சிரித்ததும் அவளும் சிரித்தாள், எல்லோரும் சிரித்து முடிக்கப்போகும் நேரத்தில், கொஞ்சம் தாமதமாக. அடுத்த சிரிப்பு எங்கே வரும் என்று கிழவியின் முகத்தையே கவனித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முறையும் அவளுடைய சிரிப்பு மட்டும் தனியாகக் கடைசியில் கேட்டது. அவர் அதற்காக நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

நடுவில் அவருக்குக் குரல் கம்மியது. அவள் அதைக் கேட்டிருக்க முடியாது. அவருடைய கழுத்து நரம்பைப் பார்த்திருப்பாள்.

"போதும், தொண்டை கட்டிக்கப்போகுது," என்றாள், அந்தக் கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி. "மீதியை நாளைக்கு வந்து சொல்லுங்க."

மறுநாள் பார்வை நேரத்துக்கு முன்பே அவருக்குச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

கட்டிலைக் காலிசெய்து, அவளுடைய சீப்பையும் தம்ளரையும் பையில் போட்டுக்கொண்டு அவர் வெளியே வரும்போது, கடைசிக் கட்டில் கிழவி அவருடைய சட்டை நுனியைப் பிடித்தாள். இன்ஸ்பெக்டர் அந்தக் கண்ணாடிக்கு டிக்கெட் போடச் சொன்னாரா, கடைசியில் என்ன ஆயிற்று என்று தாழ்ந்த குரலில் கேட்டாள். கண்டக்டர் வாயைத் திறந்தார். பிறகு, தெரியலைம்மா, நான் பாதியிலேயே இறங்கிட்டேன் என்றார்.